ஒட்டுண்ணியும் வைரஸும் ஒரே உடலில் சேர்ந்தால் என்ன ஆகும்? சென்னையில் கருங்காய்ச்சல் கிருமியைக் கண்டறிந்த டோனவனின் கதை

தருமபுரியைத் தாண்டி தொப்பூர் கணவாயில் இறங்கும் தேசிய நெடுஞ்சாலை 44-ல் ஒரு மணி நேரம் நின்றால் போதும், பாதி இந்தியாவின் நம்பர் பிளேட்டுகளைப் பார்த்துவிடலாம். சாலையோர ஹோட்டல்கள், கட்டட வேலைகள், கிரானைட் பட்டறைகள் என எங்கு போனாலும் பிகார், ஜார்க்கண்ட் இளைஞர்களின் இந்தி காதில் விழுகிறது. அவர்களில் ஒருவருக்கு மூன்று வாரமாகக் காய்ச்சல் என்று வைத்துக்கொள்வோம். மலேரியா டெஸ்ட் நெகட்டிவ். டைபாய்டு மாத்திரை சாப்பிட்டும் குறையவில்லை. உடம்பு இளைக்கிறது, வயிற்றின் இடது பக்கம் மட்டும் கல் மாதிரி வீங்கியிருக்கிறது.

தமிழ்நாட்டில் இன்று பெரும்பாலான டாக்டர்கள் நேரில் பார்த்திராத காலா-அசார், அதாவது கருங்காய்ச்சல், இப்படித்தான் தொடங்கும். நோய் நமக்குப் புதிதாகத் தெரியலாம். ஆனால் உயிரோடிருக்கும் ஒரு நோயாளியின் உடலில் அதன் கிருமியை முதன்முதலில் பார்த்த இடம் சென்னைதான். பார்த்தவர் சார்லஸ் டோனவன். அதே சென்னையில், அதே மருத்துவக் கல்லூரியில், 83 ஆண்டுகள் கழித்து இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்று கண்டறியப்பட்டது. அந்த ஒட்டுண்ணியும் இந்த வைரஸும் ஒரே உடலில் சந்தித்துக்கொண்டால் என்ன நடக்கும்? டோனவனுக்குத் தெரிய வாய்ப்பே இல்லாத அந்தப் பகுதியையும் சேர்த்து அவர் கதையைப் பார்ப்போம்.

யார் இந்த டோனவன்?

1863-ம் ஆண்டு செப்டம்பர் 19-ம் தேதி கல்கத்தாவில் பிறந்தவர். அப்பா ஆங்கிலேய அரசில் நீதிபதி, குடும்பம் அயர்லாந்தைச் சேர்ந்தது. சின்ன வயசு இந்தியாவில் கழிந்தது. பிறகு அயர்லாந்தின் கார்க் பகுதியில் இருந்த தாத்தாவிடம் படிக்க அனுப்பப்பட்டார். டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் 1889-ல் மருத்துவப் பட்டம் வாங்கினார். 1891-ல் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து திரும்பவும் இந்தியா வந்தார்.

1898-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பேராசிரியர் ஆனார். கல்லூரியை ஒட்டியே அரசு பொது மருத்துவமனை. சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு எதிரே இன்று ராஜீவ் காந்தி பெயரில் இருக்கிறதே, அதேதான். ஓய்வு பெறும்வரை இருபது ஆண்டுகளுக்கும் மேல் சென்னைதான் அவர் ஊர். 1911-ல் தொடங்கிய ராயப்பேட்டை மருத்துவமனையின் முதல் கண்காணிப்பாளரும் அவரே. அந்த வழியாகப் போகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்பது வேறு விஷயம்.

(தருமபுரி அப்போது தனி மாவட்டம் இல்லை. சேலம் மாவட்டத்தின் ஒரு பகுதி, சென்னை மாகாணத்துக்குள் இருந்தது. தனி மாவட்டம் ஆனது 1965-ல்.)

மலேரியா என்று பெயர் வைத்துவிட்டால் போதுமா?

அந்தக் காலத்தில் காய்ச்சலோடு மண்ணீரலும் வீங்கியிருந்தால் அதற்கு ஒரே பெயர்தான்: நாள்பட்ட மலேரியா. ஒரே மருந்து குயினைன். டோனவனின் வார்டில் குயினைனுக்கு அசையாத காய்ச்சல்கள் இருந்தன. ரத்தத்தில் தேடினால் மலேரியா கிருமியும் கிடைக்கவில்லை. ஆனாலும் நோயாளிகள் இளைத்து, கறுத்து, ரத்தம் குறைந்து இறந்துகொண்டிருந்தார்கள்.

1903 ஏப்ரலில், இறந்துபோன நோயாளிகளின் மண்ணீரலிலிருந்து எடுத்த ஸ்லைடுகளில் சின்னச் சின்ன முட்டை வடிவப் புள்ளிகளை அவர் பார்த்தார். இறந்த பிறகு உடல் சிதைவதால் வந்தவையா, உண்மையிலேயே கிருமியா என்று அவரால் முடிவுக்கு வர முடியவில்லை. அடுத்த மாதமே, மே 30-ல், பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர் ராணுவ மருத்துவர் வில்லியம் லீஷ்மன். கல்கத்தா அருகே டம்டமில் பணியாற்றி, காய்ச்சலோடு இங்கிலாந்து திரும்பி இறந்த ஒரு சிப்பாயின் மண்ணீரலில் 1900-லேயே அதே புள்ளிகளை அவர் பார்த்திருக்கிறார். சிதைந்துபோன டிரிபனோசோம் கிருமிகளாக இருக்கலாம் என்பது அவர் ஊகம்.

கட்டுரை தபாலில் சென்னை வந்து சேர்ந்தது. இறந்தவர் உடலில் பார்த்ததை வைத்து எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது, உயிரோடு இருப்பவர் உடலில் பார்த்தாக வேண்டும். ஜூன் 17-ம் தேதி, ஒழுங்கில்லாத காய்ச்சலோடு படுத்திருந்த 12 வயதுச் சிறுவன் ஒருவனின் மண்ணீரலில் ஊசி செலுத்தி, துளி ரத்தம் எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தார் டோனவன். அதே புள்ளிகள்.

படிக்கும்போது சாதாரணமாகத் தெரிகிறது. ஆனால் வீங்கிய மண்ணீரல் என்பது ரத்தம் நிரம்பிய பை. ஊசி கொஞ்சம் பிசகினாலும் உள்ளுக்குள் ரத்தம் கொட்டி உயிரே போகலாம். இன்றும் இந்தப் பரிசோதனையை அனுபவமுள்ள கைகளில்தான் விடுகிறார்கள். அந்தச் சிறுவனின் பெயர் மருத்துவ வரலாற்றில் எங்கும் பேசப்படுவதில்லை. நோய்க்கிருமியின் பெயரில் இரண்டு வெள்ளைக்கார டாக்டர்கள் இருக்கிறார்கள், அவன் இல்லை.

பெயர் வைத்த கதை

டோனவன் ஸ்லைடுகளை இரண்டு பேருக்கு அனுப்பினார். ஒருவர் பாரிஸில் இருந்த லாவரான், மலேரியா கிருமியைக் கண்டறிந்தவர். இன்னொருவர் லிவர்பூலில் இருந்த ரொனால்ட் ராஸ், மலேரியா கொசுவால் பரவுவதை செகந்திராபாத்தில் கண்டறிந்து 1902-ல் நோபல் பரிசு வாங்கியவர். லாவரான் இதை வேறொரு கிருமி வகையோடு சேர்த்து ஒரு பெயர் வைத்தார், அது நிலைக்கவில்லை. இது முற்றிலும் புதிய உயிரி என்று 1903 நவம்பரில் சொன்னவர் ராஸ். முதலில் பார்த்தது யார் என்ற சண்டை மூண்டிருந்ததால், இரண்டு பேரையும் சேர்த்து லீஷ்மேனியா டோனவானி என்று பெயர் வைத்துவிட்டார்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அசாமில் கருங்காய்ச்சல் ஊர் ஊராகக் கொன்றுகொண்டிருந்தபோது அதை ஆராய 1898-ல் அனுப்பப்பட்டவரே ராஸ்தான். பார்த்துவிட்டு அது மலேரியாதான் என்று அறிக்கை கொடுத்தவரும் அவர்தான். மலேரியாவில் உலகப் பெயர் வாங்கியவர், எல்லாவற்றையும் மலேரியாவாகப் பார்த்ததில் ஆச்சரியமில்லை. ஐந்தே ஆண்டுகளில் அதைத் திருத்திக்கொள்ளவும் அவருக்கு மனசு இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். லீஷ்மனின் ஊகமும் முழுசாகத் தப்பில்லை. இரண்டு கிருமிகளும் ஒரே குடும்பம்தான் என்பது பின்னாளில் தெரிந்தது.

போலீஸ் ஸ்டேஷனுக்குள்ளேயே குடியேறும் திருடன்

டோனவன் பார்த்த புள்ளிகள் எங்கே இருந்தன என்பதுதான் இந்தக் கதையின் மையம். நம் உடலுக்குள் நுழையும் கிருமிகளை விழுங்கிச் செரித்துவிடும் செல்கள் உண்டு, மேக்ரோபேஜ் என்று பெயர். லீஷ்மேனியா அந்தச் செல்லுக்குள்ளேயே போய்க் குடியேறி, அங்கேயே பெருகுகிறது. திருடனைப் பிடிக்க வேண்டிய ஸ்டேஷனிலேயே திருடன் வாடகைக்கு இருக்கிற மாதிரி.

அவனைப் பிடிக்க வழியே இல்லையா? இருக்கிறது. சிடி4 எனப்படும் வெள்ளணுக்கள் உயர் அதிகாரி மாதிரி. விஷயம் தெரிந்ததும் அவை இன்டர்ஃபெரான் காமா என்ற ரசாயன உத்தரவை அனுப்புகின்றன. உத்தரவு வந்ததும் மேக்ரோபேஜ் விழித்துக்கொண்டு, நைட்ரிக் ஆக்சைடு போன்ற நச்சுப் பொருட்களை உற்பத்தி செய்து உள்ளிருக்கும் ஒட்டுண்ணியைக் கொல்கிறது. பெரும்பாலானவர்கள் உடலில் இது சரியாகவே நடக்கிறது. அதனால்தான் கிருமி உள்ளே போன எல்லோருக்கும் கருங்காய்ச்சல் வருவதில்லை. பலருக்குக் கிருமி வந்ததே தெரியாது. ஆனால் சிலர் உடலில் கொஞ்சம் ஒட்டுண்ணிகள் சாகாமல், பெருகவும் முடியாமல், பல ஆண்டுகள் அடங்கிக் கிடக்கும். சிகிச்சை எடுத்துக் குணமானவர்களிடமும் இப்படிக் கொஞ்சம் தங்கிவிடுவதுண்டு.

ஒரே தெருவில் சிலருக்கு மட்டும் ஏன் நோய் என்ற கேள்விக்கு டோனவன் காலத்தில் பதில் சொல்ல முடியாது. சிடி4 என்ற வார்த்தையே அப்போது கிடையாது.

1986: அதே கல்லூரி, வேறொரு கிருமி

எய்ட்ஸ் பற்றி உலகத்துக்குத் தெரியவந்தது 1981-ல். இந்தியாவில் அது வராது என்று பலர் நம்பிக்கொண்டிருந்தார்கள். 1986-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பேராசிரியராக இருந்த சுனிதி சாலமனும் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும் சென்னையில் பாலியல் தொழிலில் இருந்த பெண்களின் ரத்த மாதிரிகளைச் சேகரித்தார்கள். சோதனை நடந்தது வேலூர் சி.எம்.சி.யில். ஆறு மாதிரிகளில் எச்.ஐ.வி. இருந்தது.

எச்.ஐ.வி. எதைத் தாக்குகிறது? அதே சிடி4 செல்களை. உத்தரவு கொடுக்க வேண்டிய அதிகாரிகளையே ஒவ்வொருவராகக் காலி செய்கிறது. அதோடு விடுவதில்லை, மேக்ரோபேஜுக்குள்ளும் நுழைகிறது. ஒட்டுண்ணியும் வைரஸும் சில சமயம் ஒரே செல்லுக்குள் இருக்கவும் முடியும். உத்தரவு வராததால் ஒட்டுண்ணி தடையில்லாமல் பெருகுகிறது. அடங்கிக் கிடந்த பழைய கிருமியும் எழுந்துவிடுகிறது. எச்.ஐ.வி. இருப்பவர்களுக்குக் கருங்காய்ச்சல் வெளிப்படும் வாய்ப்பு 100 முதல் 2,300 மடங்கு வரை அதிகம் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது.

இது ஒருவழிப் பாதை இல்லை. ஒட்டுண்ணி தொற்று நோய் எதிர்ப்பு மண்டலத்தை ஓயாமல் தூண்டிவிடுகிறது. தூண்டப்பட்ட செல்களில்தான் எச்.ஐ.வி. வேகமாகப் பெருகும். ஆக, இரண்டும் ஒன்றுக்கொன்று தீனி போட்டுக்கொள்கின்றன. ஏ.ஆர்.டி. மாத்திரை எடுத்தாலும், கருங்காய்ச்சல் கூடவே இருந்தால் சிடி4 எண்ணிக்கை ஏறுவது மெதுவாகிவிடுகிறது. எண்ணிக்கை 200-க்குக் கீழே இருப்பவர்களுக்குக் கருங்காய்ச்சல் திரும்பத் திரும்ப வருவதும் சகஜம்.

இந்தக் கூட்டணியை உலகம் முதலில் பெரிய அளவில் பார்த்தது 1980களின் நடுவில், ஸ்பெயின் போன்ற தெற்கு ஐரோப்பிய நாடுகளில். அங்கே போதை ஊசியைப் பகிர்ந்துகொண்டவர்களிடையே வைரஸோடு ஒட்டுண்ணியும் ஊசி வழியாகவே பரவியது. 1990களின் பிற்பகுதியில் கூட்டு மருந்துகள் வந்த பிறகுதான் எண்ணிக்கை இறங்கியது.

இந்தியாவில்? பிகாரில் 14 வயதுக்கு மேற்பட்ட கருங்காய்ச்சல் நோயாளிகள் 2,000-க்கும் அதிகமானோரைச் சோதித்து 2014-ல் வெளியான ஓர் ஆய்வில் 5.6 சதவீதம் பேருக்கு எச்.ஐ.வி. இருந்தது. அவர்களில் பலருக்குத் தங்களுக்கு எச்.ஐ.வி. இருப்பதே அதுவரை தெரியாது. காய்ச்சலுக்காக வந்த இடத்தில்தான் தெரிந்தது.

டெஸ்டே ஏமாற்றும்

இங்கேதான் நடைமுறைச் சிக்கல். இன்று கருங்காய்ச்சலைக் கண்டுபிடிக்க ஆர்கே39 என்ற ரேபிட் கிட் பயன்படுகிறது. விரல் நுனியில் ஒரு துளி ரத்தம், கொஞ்ச நேரத்தில் முடிவு. ஆனால் அது தேடுவது கிருமியை அல்ல, கிருமிக்கு எதிராக உடல் உருவாக்கிய எதிர்ப்புப் புரதத்தை. எச்.ஐ.வி.யால் எதிர்ப்புச் சக்தி தளர்ந்த உடலில் அந்தப் புரதம் போதுமான அளவு உருவாகாமல் போகலாம். அப்போது உள்ளே ஒட்டுண்ணி கொத்துக்கொத்தாக இருக்கும், கிட்டில் கோடு மட்டும் வராது. இப்படிப்பட்டவர்களுக்கு மறுபடி மைக்ராஸ்கோப்பையோ மரபணுச் சோதனையையோ தேடிப் போக வேண்டியிருக்கிறது. எலும்பு மஜ்ஜையிலோ மண்ணீரலிலோ கிருமியையே நேரில் பார்க்க வேண்டும். 1903-ல் டோனவன் செய்தது இன்றும் காலாவதி ஆகவில்லை.

சிகிச்சையும் மாறுகிறது. மற்றவர்களுக்கு லிபோசோமல் ஆம்போடெரிசின் மருந்தை ஒரே தடவை டிரிப்ஸில் ஏற்றினால் பெரும்பாலும் போதும். எச்.ஐ.வி. இருந்தால் அதே மருந்தைப் பல நாட்களில் பிரித்து மொத்தத்தில் மும்மடங்கு கொடுத்து, கூடவே மில்டிஃபோசின் மாத்திரையை 14 நாள் தர வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2022-ல் தெற்காசியாவுக்கு வழிகாட்டியது. அதற்கான ஆய்வு நடந்தது பாட்னாவில். எச்.ஐ.வி. இருப்பது தெரியாமல் ஒரே டோஸ் போட்டு அனுப்பினால், சில மாதத்தில் அதே நோயாளி அதே காய்ச்சலோடு திரும்பி வர வாய்ப்பு அதிகம். இடைப்பட்ட நாட்களில் அவரைக் கடிக்கும் மணல் ஈக்கள் வழியாக நோய் வெளியே போகவும் வழி இருக்கிறது.

இது கருங்காய்ச்சலுக்கு மட்டுமா என்றால், இல்லை. மூளையில் அடங்கிக் கிடக்கும் டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணியும் எச்.ஐ.வி. முற்றினால் எழுந்துகொள்கிறது. மலேரியா வந்தால் எச்.ஐ.வி. அளவு தற்காலிகமாக ஏறுகிறது. ஆனால் ஒட்டுண்ணியும் வைரஸும் ஒரே கூட்டணிச் செல்களைக் குறிவைக்கும் இந்த அளவு நெருக்கம் லீஷ்மேனியாவில்தான்.

தப்பாகப் போன ஊகம், சரியாகப் போன இன்னொரு கண்டுபிடிப்பு

டோனவனிடம் திரும்புவோம். கிருமி கிடைத்துவிட்டது, அதைப் பரப்புவது யார்? வீடுகளில் ஒளிந்திருந்து ரத்தம் குடிக்கும் ஒருவகை மூட்டைப் பூச்சி இனத்தை அவர் சந்தேகப்பட்டார், பரிசோதனைகளும் செய்தார். பதில் வேறாக இருந்தது. கொசுவைவிடச் சின்னதான, மாட்டுத் தொழுவ ஈர மண்ணில் வளரும் மணல் ஈதான் குற்றவாளி. ஈயின் உடலில் கிருமி வளர்வதை 1924-ல் கல்கத்தாவில் பார்த்துவிட்டார்கள். ஆனால் அது கடித்தால் மனிதருக்கு நோய் வருகிறது என்று நிரூபிக்க 1942 ஆனது. அந்தக் கட்டுரையில் முதல் பெயர் சுவாமிநாத், கூடவே ஷார்ட், ஆண்டர்சன். அத்தனை ஆண்டு முட்டிக்கொண்டிருந்ததற்குத் தீர்வு உலர் திராட்சை என்றால் நம்புவீர்களா? ரத்தம் குடித்த ஈக்களுக்கு அடுத்து திராட்சைச் சாறு கொடுத்தபோதுதான் ஒட்டுண்ணி அவற்றின் உடலில் நன்றாகப் பெருகியது. பூச்சிகள் என்றால் உயிரான டோனவனுக்கு, சரியான பூச்சியைத் தவறவிட்டது உறுத்தியிருக்கும் என்றுதான் தோன்றுகிறது.

1905-ல் இன்னொரு கிருமியையும் அவர் கண்டார். சென்னை பொது மருத்துவமனை வார்டு பாய் ஒருவரின் வாய்ப் புண்ணிலிருந்து எடுத்த ஸ்லைடில் அது இருந்தது. பிறப்புறுப்பில் ஆறாத புண்ணை உண்டாக்கும் அந்தப் பாக்டீரியா நோய்க்கு டோனவனோசிஸ் என்றே பெயர் நிலைத்தது. அந்தப் புண் எச்.ஐ.வி. உள்ளே நுழைய வாசல் திறந்துவிடும் என்பதால், ஆஸ்திரேலியா தன் பழங்குடி மக்களிடமிருந்து அதை ஒழிக்கத் தனித் திட்டமே போட்டது. அவருடைய இரண்டு கண்டுபிடிப்புகளும், அவர் இறந்து பல பத்தாண்டுகள் கழித்து வந்த ஒரே வைரஸோடு போய் முட்டிக்கொண்டன.

ஓய்வுக்குப் பிறகு இங்கிலாந்தில் குடியேறி, வண்ணத்துப்பூச்சிகளோடு வாழ்ந்தார். அயர்லாந்தின் வண்ணத்துப்பூச்சிகள், அந்துப்பூச்சிகள் பற்றி 1936-ல் ஒரு பட்டியல் நூலும் வெளியிட்டார். கருங்காய்ச்சலுக்கு கல்கத்தாவில் உபேந்திரநாத் பிரம்மச்சாரி யூரியா ஸ்டிபமைன் மருந்தை உருவாக்கியதையும், மணல் ஈ நிரூபணத்தையும் பார்க்கும் அளவுக்கு நீண்ட ஆயுள். 1951 அக்டோபர் 29-ல், 88 வயதில் இறந்தார். மலேரியா ஒழிப்புக்காக இந்தியா வீடு வீடாக டிடிடி அடித்ததில் மணல் ஈக்களும் சேர்ந்து செத்து, கருங்காய்ச்சல் கிட்டத்தட்ட மறைந்தது. தெளிப்பு நின்றதும் 1970களில் பிகாரில் மறுபடி வெடித்தது.

தருமபுரிக்கு இதில் என்ன வேலை?

கருங்காய்ச்சல் இன்று பிகார், ஜார்க்கண்ட், மேற்கு வங்கம், உத்தரப் பிரதேசம் ஆகிய நான்கு மாநிலங்களின் 54 மாவட்டங்களில் நிலைகொண்ட நோய். அங்கேயும் வட்டார அளவில் 10,000 பேருக்கு ஒன்றுக்கும் குறைவு என்ற இலக்கை 2023-ல் இந்தியா தொட்டுவிட்டது. எண்ணிக்கை குறையக் குறைய, மிச்சம் இருக்கும் நோயாளிகளில் எச்.ஐ.வி. உள்ளவர்கள் முக்கியமாகிறார்கள். அவர்களுக்குத்தான் நோய் திரும்பத் திரும்ப வருகிறது.

ஊரில் சின்ன வயதில் கடித்த ஈயின் கிருமி உடலில் அடங்கிக் கிடக்க, வேலைக்காக வேறு ஊர் வந்த இடத்தில் எச்.ஐ.வி. சேர்ந்தால் காய்ச்சல் இங்கேதான் எழும். தமிழ்நாட்டுப் பையன் ஒருவன் அங்கே சில மாதம் தங்கி வேலை பார்த்துவிட்டுத் திரும்பினாலும் அதே கணக்குதான். வந்தவர்களைப் பார்த்துப் பயப்படுவதற்காக இதைச் சொல்லவில்லை. ஒரு மனிதர் மூலம் நோய் பக்கத்து ஆளுக்குத் தொட்டாலோ பேசினாலோ ஒட்டாது. ஆபத்து அந்த நோயாளிக்குத்தான், சிகிச்சை இல்லாவிட்டால் பெரும்பாலும் உயிர் போகும்.

இரண்டு வாரத்துக்கு மேல் காய்ச்சல், எடை குறைவு, மண்ணீரல் வீக்கம், மலேரியா நெகட்டிவ் என்றால், நீங்களோ உங்கள் சைட்டில் வேலை பார்ப்பவரோ எந்த ஊரில் வளர்ந்தவர், எங்கே தங்கியிருந்தவர் என்பதை டாக்டரிடம் கேட்காமலே சொல்லிவிடுங்கள். கருங்காய்ச்சல் உறுதியானால் எச்.ஐ.வி. சோதனையும் செய்வது வழிமுறையிலேயே இருக்கிறது. அரசு மருத்துவமனை நம்பிக்கை மையங்களில் அது இலவசம். 2017-ம் ஆண்டுச் சட்டப்படி உங்கள் சம்மதம் இல்லாமல் அந்தச் சோதனையைச் செய்யவும் கூடாது, முடிவை வெளியே சொல்லவும் கூடாது. சந்தேகம் கேட்க 1097 என்ற எண்ணுக்கு அழைக்கலாம், கட்டணம் இல்லை.